வெண்டிக்காய்க்கு வந்த சமத்துவம்

மத்திய மரக்கறி ஒப்பீட்டு நிலையத்துக்குப் போனால் கறிக்கு நாலு வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வரலாம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அங்கே மரக்கறி கிடையாது, ஒப்பீடு மட்டும்தான். இது வவுணதீவுக் கண்ணகைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்தத் தை மாதக் காலையில் கடப்படியில் வந்து நின்ற ஜீப்பைப் பார்த்து "வாங்க, இரிங்க" என்று சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் எப்படி இருப்பது? வாவிக்கு மேற்கே, படுவான்கரைச் சனத்துக்கு வருகிற கேடெல்லாம் இந்த ஒரு வார்த்தையால் வருகிறதுதான்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி உதயரூபன். அவருக்குப் பின்னால் குடையோடு இறங்கியவள் வெளிக்கள உத்தியோகத்தர் றுமானா, ஏறாவூர்ப் பிள்ளை. குடை அவளுக்கல்ல, பணிப்பாளருக்கு. பணிப்பாளர் நேரே போய், மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த கண்ணகையின் புருசன் கந்தப்போடியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தவிடு இரண்டு பேருக்கும் பங்காயிற்று.

"ஐயா, உங்கட காணியை ஒரு தேசியப் பரிசோதனைக்குத் தெரிவு செஞ்சிருக்கம்."

"காணி என்ட இல்ல ஐயா. வளவு, தோட்டம், கிணறு எல்லாம் பொஞ்சாதிட. அவவக் கேளுங்க. நான் இஞ்ச மாப்புள."

அந்தப் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கந்தப்போடி பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார், இன்னும் மாப்பிள்ளைதான். பணிப்பாளர் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணகையிடம் வந்து விளக்கினார். வெண்டியில் மூன்று இனம். அவற்றை நாட்டின் நாலு பிரதேசத்தில் நட்டுப் பார்ப்பார்கள். மலைநாட்டில் ஒன்று, வடக்கில் வரண்ட மண்ணில் ஒன்று, தெற்கில் மழை பெய்கிற பக்கம் ஒன்று, வாவிக்கரையில் இது. எந்த இனம் எந்த ஊரில் எப்படி வளர்கிறது, எவ்வளவு காய்க்கிறது என்று ஒப்பிடுவார்கள். விதை இனாம். மாடு வராமல் கம்பி வேலியும் அடித்துத் தருவார்கள்.

வேலி என்றதும் கண்ணகைக்கு மனசு இளகிவிட்டது. போன வருசத்து வெண்டியை ஊர்மாடு தின்றது பாதி, மிச்சத்தை மிதித்தது. வெண்டி இல்லாவிட்டால் அவளுக்குக் கோடையில் கைச்செலவு இல்லை. அவளிடம் இருந்த பெரிய முதல் அந்தக் கிணறுதான். கோடையின் வரண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வாவி ஓரத்துக் கிணறெல்லாம் உவர்த்துப்போகும். இவள் கிணறு மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்துச் சனம் குடிக்கிறதும் அதில்தான். அவள் "சரி ஐயா" என்றாள்.

அப்படியாக வேலி வந்தது. அதை மறைக்கிற அளவில் ஒரு பெயர்ப்பலகையும் வந்தது. வெண்டி இனங்களுக்குப் பெயர் வைக்கும் விசயத்தில் நிலையத்தின் குழுவுக்குள் ஒத்துப்போகாததால் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடையாளம் போட்டிருந்தார்கள். கண்ணகைக்கு அது சரிப்படவில்லை. செடி முழங்காலளவு வந்ததுமே நெட்டையன், குட்டையன், சுணையன் என்று பெயர் வைத்துவிட்டாள். சுணையனைத் தொட்டால் கை அரிக்கும், ஆனால் கறிக்கு அவன்தான் ருசி.

காய்ப்புத் தொடங்கிச் சில நாளில் பணிப்பாளர் மறுபடியும் வந்தார். முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம். றுமானா அளந்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அம்மா, உங்கட தோட்டத்தில கூட விளைஞ்சிருக்கு."

"அம்மாள் புண்ணியம் ஐயா."

"என்ன புண்ணியம்? மற்ற மூண்டு இடமும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் போகுது. இது மட்டும் தனிய எழும்பி நிக்குது. இவ்வளவு வித்தியாசம் இருந்தா எப்பிடி ஒப்பிடுறது?"

கண்ணகைக்கு விளங்கவில்லை. "வித்தியாசத்தப் பாக்கத்தானே ஐயா ஒப்பிடுற?"

றுமானாவின் கையில் குடை ஒருமுறை ஆடியது. பணிப்பாளர் கோபப்படவில்லை. படிக்காதவர்களிடம் கோபப்படக்கூடாது என்று அவர் ஒரு பயிற்சியில் படித்திருந்தார்.

"ஒப்பீடு எண்டா என்ன? ஒப்பான ரெண்டுக்கு இடையில நடக்கிறது. ஒப்பில்லாததை ஒப்பிட்டா அது விஞ்ஞானம் இல்ல அம்மா, ஊர்க்கதை. ஒரு பிரதேசத்துக்கு மட்டும் நல்ல வெயில், நல்ல காத்து, நல்ல மண் இருந்தா அது மற்றப் பிரதேசங்களுக்குச் செய்யிற அநியாயம். முதல்ல நாலு இடத்தையும் சமப்படுத்தோணும். பிறகு ஒப்பிடுவம்."

"எல்லாம் சமமாப் போன பிறகு என்னத்த ஒப்பிடுற?"

"அதுதான் அம்மா தூய ஒப்பீடு" என்றார் பணிப்பாளர். சொல்லும்போது அவர் கண் கொஞ்சம் கலங்கியது. கண்ணகைக்கே பாவமாகப் போய்விட்டது.

சமப்படுத்தல் வெருளியில் தொடங்கியது. நாலு தோட்டத்தில் இங்கே மட்டும்தான் வெருளி நின்றது. தடியில் வைக்கோல் சுற்றி, சட்டித் தலை வைத்து, கந்தப்போடியின் பழைய நீலச் சேட்டைப் போட்டுக் கண்ணகை நிறுத்தியது. கண்ணூறு படாமல் இருக்க எல்லாரும் வைக்கிறதுதான். றுமானா அதை "கண்ணூறு கழிக்கும் சாதனம்" என்று எழுதிக்கொண்டு போனாள். மற்ற மூன்று இடத்திலும் அதே மாதிரி வெருளி வைக்கும்படி சுற்றறிக்கை போயிற்று. அதே மாதிரி என்றால் அச்சொட்டாக அதே மாதிரி. ஒரே ஆள் உடுத்துப் பழசான சேட்டாக இருக்கவேண்டும் என்று குழு வற்புறுத்தியது. கந்தப்போடியிடம் இருந்ததோ இன்னும் ஒன்று. ஆகவே நிலையம் அவருக்குப் புதுச் சேட்டுகள் வாங்கிக் கொடுத்து, தேவையான அளவு வியர்வை ஊறும்வரை உடுத்துத் தரும்படி கேட்டுக்கொண்டது. பரிசோதனை முழுவதிலும் இலாபம் கண்ட ஒரே மனிதர் கந்தப்போடிதான். பழசாகட்டும் என்று சொல்லி அவர் அந்தச் சேட்டுகளோடு ஊரெல்லாம் சும்மா திரிந்தார். வேலை செய்யச் சொன்னால் "இது அரசாங்க வேலைதான்கா" என்றார்.

மலைநாட்டில் குளிர் என்று அங்கத்து விவசாயி வெருளிக்கு ஒரு சுவெட்டர் போட்டுவிட்டாராம். உடனடியாகக் கழற்றும்படி தந்தி வேகத்தில் கட்டளை போனது.

அடுத்தது அம்மன் பங்கு. காய்ப்புத் தொடங்கிய அன்றைக்கே முதல் ஆய்ந்த காயைக் கண்ணகை வழக்கம்போலக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தாள். அன்று றுமானா நிறுக்க வந்தபோது காய் இல்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

"அக்கா, காய் எங்க?"

"அம்மாளுக்கு வெச்சிட்டன் புள்ள."

"இத நான் எதுக்குள்ள போடுற? பூச்சி தின்டது எண்டு ஒரு இடம் இரிக்கு. களவு போனது எண்டு இரிக்கு. சாமிக்குப் போனது எண்டு இல்லியே."

பணிப்பாளர் இதற்கும் வழி கண்டார். மற்ற மூன்று இடங்களிலும் முதல் காய் அதே அளவு கழிக்கப்படவேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த இடங்களில் தோட்டத்துக்கு அருகில் கண்ணகி அம்மன் கோயில் இல்லாதபடியால் அந்தப் பங்கை உத்தியோகத்தர்களே பாரமேற்றுக்கொண்டார்கள். முதல் காய்க்கு மட்டும் என்று தொடங்கியது பிறகு எல்லாக் காய்க்கும் என்று ஆனதாகக் கேள்வி.

பிறகுதான் வேலை மும்முரமாயிற்று. மலையில் கச்சான் அடிப்பதில்லை என்பதால் கண்ணகையின் தோட்டத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். தெற்கில் வெயில் குறைவு என்பதால் மேலே கறுப்பு வலை கட்டினார்கள். தெற்கில் மழை கூட என்பதால் அங்கே பொலித்தீன் கூரை போட்டு மழையை நிறுத்தினார்கள், நிறுத்திய மழைக்குப் பதிலாக வாளியால் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தார்கள். மலையில் வெக்கை போதாது என்று செடிக்குச் செடி விளக்கு எரித்தார்கள். இனங்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு கூடாது என்று நெட்டையனின் கொழுந்தைக் குட்டையனின் மட்டத்துக்கு நறுக்கச் சொன்னார்கள். றுமானா கத்தரிக்கோலோடு நின்று அழாக்குறையாக நறுக்கினாள். குட்டையனை இழுத்து நீட்ட ஏதாவது வழி உண்டா என்று ஆராய ஓர் உபகுழு அமைந்தது.

சித்திரை வருசப்பிறப்புக் கழிந்த கையோடு லொறிகள் வந்தன. நாலு ஊர் மண்ணையும் கலந்து நாலு ஊருக்கும் பிரித்துக் கொடுக்கும் திட்டம். செடியின் வேரைச் சுற்றி வாய்க்கால் மாதிரித் தோண்டி, இந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், அந்த மண்ணைக் கொட்டினார்கள். கந்தப்போடி லொறி போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்மட மண்ணுக்கு வந்த வாழ்வப் பாருகா. நான் இன்னும் மலநாடு பாக்கல்ல, மண்ணு போகுது."

"நீங்களும் ஏறிப் போங்க. சேட்டும் நல்லாப் பழசாகும்" என்றாள் கண்ணகை. இத்தனை நாளும் சிரித்துக்கொண்டு பார்த்தவள்தான். மண்ணைக் கிளறியபோது வேர் வெளியில் வந்து கிடந்ததைக் கண்டதிலிருந்து சிரிப்பு வரவில்லை.

இவ்வளவும் செய்தும் வெண்டி கேட்கவில்லை. வலைக்குள்ளும் தகரத்துக்குள்ளும் நின்றுகொண்டு காய்த்தது. கொழுந்து இழந்த நெட்டையன் பக்கத்தில் கிளைவிட்டுக் காய்த்தான். கண்ணகை விடிய எழும்பித் தண்ணீர் இறைப்பதை நிறுத்தவில்லை, அதுவும் காய்ப்பதை நிறுத்தவில்லை. மற்ற மூன்று இடத்திலும் சமப்படுத்தல் முழு வெற்றி. ஒன்றில் செடி விளக்குச் சூட்டில் கருகியது, ஒன்றில் பொலித்தீனுக்குள் புழுங்கி அழுகியது, ஒன்றில் புது மண் பிடிக்காமல் நின்றபடியே காய்ந்தது. இங்கே மட்டும் ஓலைக் கடகம் கடகமாகக் காய் இறங்கியது. காத்தான்குடியிலிருந்து காய் வாங்க வருகிற நௌஷாட் "இந்த வருசம் உங்கட காய்தான் அக்கா காய்" என்று றுமானாவின் காது கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். கண்ணகை அவனுக்குப் பேசாதே என்று கண்ணைக் காட்டினாள், அவனுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் முறை வந்த பணிப்பாளர் தோட்டத்தைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியில் அள்ளச் சொல்லி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இதுதான் கோளாறு" என்றார்.

கண்ணகை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மலையிலயும் தெற்கிலயும் வடக்கிலயும் பரிசோதனைக் கிணறுகளில தண்ணி இந்த ருசி இல்ல. வடக்கில நல்ல உவர். இந்தக் கிணறு மட்டும் தனிய இனிக்குது. நாலையும் ஒரே தரத்துக்குக் கொண்டு வரோணும்."

"அப்ப மத்தக் கிணறுகள நல்ல தண்ணியாக்கப் போறீங்களா ஐயா?"

"அதுக்கு ஒதுக்கீடு இல்ல அம்மா" என்றார் பணிப்பாளர், ஒளிவுமறைவில்லாமல். "இதை உவராக்க இருக்கு."

அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. பின்னேரம் தண்ணீர் அள்ள வந்த அயலட்டைப் பெண்களிடம் சொன்னாள். ஒருத்தியும் நம்பவில்லை. கிணற்றுக்குள் உப்புப் போட அரசாங்கம் லொறி அனுப்பும் என்றால் யார் நம்புவார்கள்? "உனக்கு வெயில் பட்டிட்டுகா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தாய் கொடுத்த கிணறு. நாளைக்கு மகள் தனுஷாவுக்குப் போகவேண்டிய கிணறு. ஒருதரம் உப்பு இறங்கினால் எத்தனை மாரி பெய்து அது கழுவுப்படும்?

மறுநாள் வெள்ளனப் பஸ் ஏறி வலையிறவுப் பாலம் தாண்டி நிலையத்துக்குப் போனாள். அங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இருக்கச் சொன்னார்கள், பிறகு வேறு கதிரையில் இருக்கச் சொன்னார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பணிப்பாளர் கூப்பிட்டார். அறை குளுகுளுவென்று இருந்தது. சுவர் முழுக்க வெண்டிக்காய்ப் படம்.

"ஐயா, கிணத்த விட்டிருங்க. வெண்டிய வேணுமெண்டா புடுங்கிக்கு போங்க. நான் வாய் துறக்கமாட்டன்."

"வெண்டியைப் பிடுங்கினா விளைச்சல் எப்பிடி அளக்கிறது?"

"ஊர்ச் சனம் குடிக்கிற தண்ணி ஐயா."

"அம்மா, நீங்க அதைத் தண்ணி எண்டு பாக்கிறீங்க. நான் அதை ஒரு தடை எண்டு பாக்கிறன். ரெண்டு பேரும் சரிதான்." அவர் மேசையில் கையூன்றிக் குனிந்தார். "ஆனா உங்கட உரிமையை நான் மறுக்கமாட்டன். நீங்க ஆட்சேபனை தெரிவிக்கலாம். பாதிப்பு ஏற்பட்டதுக்கு ஆதாரம் வேணும். ஆதாரத்துக்கு முதல்ல உப்புப் போடோணும். போட்ட அடுத்த நாளே வாங்க, நானே முன்னுக்கு நிண்டு செஞ்சு தாறன்."

கண்ணகை எழும்பினாள். அவள் கதவடிக்குப் போனபோது பணிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். குரலில் இப்போது ஒரு மனுசத்தன்மை இருந்தது.

"அம்மா, ஒரு சின்ன உதவி. இதை ஒரு விழாவாச் செய்யப் பாக்கிறம். மேலிடத்துக்குப் படம் அனுப்போணும். போன விழாவுக்கு ஒரு சனமும் வரல்ல, படத்தில பாதி ஆடுதான் நிண்டது. உங்கட ஊரில எண்டைக்குச் சனம் கூடும்?"

கண்ணகை கதவை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வைகாசியில அம்மன்ட குளிர்த்தி வருது ஐயா. குளிர்த்திக்கு என்ட கிணத்திலதான் தண்ணி எடுக்கிற. அண்டைக்குப் பின்னேரம் ஊர்ச் சனம் முழுக்கக் கிணத்தடியிலதான் நிக்கும்."

"ஆஹா" என்றார் பணிப்பாளர். அப்போதே றுமானாவைக் கூப்பிட்டு நாளைக் குறிக்கச் சொன்னார்.

குளிர்த்தி என்பது அம்மனின் கோபத்தைத் தணிக்கிற சடங்கு. மதுரையை எரித்த வெக்கையோடு வந்து நிற்கிற அம்மனைப் பாட்டுப் பாடித் தண்ணீர் வார்த்துக் குளிரப் பண்ணுவார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு துளி தலையில் பட்டால் அந்த வருசம் நோய்நொடி அண்டாது. ஊருக்கு வந்ததும் கண்ணகை வீட்டுக்குப் போகவில்லை. கோயிலில் பூசை செய்கிற கப்புகனாரிடம் போனாள்.

"குளிர்த்தி அண்டைக்கு மரக்கறி நிலையத்தார் லொறியில உப்புக் கொண்டு வாறாங்க."

"லொறியிலயா!" கப்புகனாருக்கு வாய் மூடவில்லை. சடங்கு முடிய ஊருக்கெல்லாம் சோறு போடவேண்டும், ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொருவர் காலைப் பிடிக்கவேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். "அம்மாள் ஆர்ர மனசில எப்ப பூருவாள் எண்டு ஆருக்குத் தெரியும்!"

எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பதைக் கண்ணகை நிலையத்தின் குளிர் அறையில் படித்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. கப்புகனார் வரப் பிந்தினால்? ஒரு மூட்டை விழுந்தாலும் முடிந்துபோகும்.

அந்த நாள் வந்தது. கிணற்றைச் சுற்றிப் பந்தல், குத்துவிளக்கு, நாடா. லொறியிலிருந்து இறக்கிய உப்பு மூட்டைகளை அடுக்கி, விழா என்பதால் மூட்டைக்கு மூட்டை பூமாலையும் போட்டிருந்தார்கள். பணிப்பாளர் வெள்ளை உடுப்பில் வந்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இந்தக் கிணறு இதுகாலவரை தன்னந்தனியாக இனித்துக்கொண்டிருந்தது. இனிப்பு என்பது ஒரு சலுகை. சலுகை உள்ள இடத்தில் விஞ்ஞானம் வளராது. எல்லாரையும் உயர்த்துவது எங்கள் இலட்சியம், ஆனால் உயர்த்துவதற்குக் காலம் எடுக்கும், செலவும் உண்டு. தாழ்த்துவதை இன்றே செய்யலாம். அதனால்தான் நாங்கள் இன்றே வந்திருக்கிறோம்!"

கை தட்டினார்கள். தட்டியவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, தூரத்தில் பறைமேளம் வந்துகொண்டிருந்தது. பணிப்பாளர் கிணற்றுக் கட்டின்மேல் ஏறினார். றுமானா நீட்டிய வெள்ளித் தட்டத்திலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி, படம் எடுப்பவருக்காகக் கிணற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார். படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார். கண்ணகை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கால் ஒரு கல் உப்பு நழுவி விழுந்தது. அவளுக்குத் தன் வயிற்றில் விழுந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் மேளத்தோடும் உடுக்கோடும் குடமெடுத்த பெண்களோடும் ஊர் உள்ளே வந்தது. முன்னால் வந்த கப்புகனார் மாலை போட்ட மூட்டைகளைக் கண்டார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. ஒரு மூச்சில் போய்ப் பணிப்பாளரின் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, தோளில் சிவப்புப் பட்டைப் போர்த்து, கோயில் ஒலிபெருக்கிக்காரனுக்குக் கையைக் காட்டினார். ஒலிபெருக்கி வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி அலறியது.

"அம்மனின் அன்னதானத்துக்கு லொறி உப்பு உபயம் செய்த மரக்கறி நிலையத்துப் பெரியவர் நீடூழி வாழ்க!"

சனம் குரவையிட்டது. கிழவிகள் பணிப்பாளரின் காலைத் தொட வந்தார்கள். கப்புகனார் அம்மன் தட்டத்தை அவர் முன்னால் ஏந்தினார். "முதல் புடிய உங்கட கையால அம்மாளுக்குத் தாங்க ஐயா."

பணிப்பாளர் கிணற்றைப் பார்த்தார். தோளில் கிடந்த பட்டைப் பார்த்தார். படம் எடுப்பவர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ விழா கண்டவர், ஆனால் ஒருவரும் இதுவரை அவருக்குக் குரவையிட்டதில்லை. கை தானாகத் தட்டத்துக்குப் போய்ப் பிடியை விட்டது. இளந்தாரிகள் மூட்டைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தார்கள். பெண்கள் கிணற்றில் குடம் நிறைத்தார்கள்.

பந்தல் வெறுமையான பிறகு றுமானா மெல்லக் கேட்டாள். "சேர், என்ன எழுதுற?"

"உப்பு வழங்கப்பட்டது எண்டு எழுதும்."

"எங்க எண்டு...?"

"எங்க எண்டதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சேர்."

"பிறகென்ன?" என்றார் பணிப்பாளர், பட்டைச் சரிசெய்துகொண்டு.

அந்த வருசத்து அன்னதானச் சோறு கொஞ்சம் கரிக்கத்தான் செய்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் நிலையத்துக்கு ஒரு பெரிய சிக்கல் வந்தது. பதிவின்படி கிணற்றுக்கு உப்புப் போயாயிற்று. தண்ணீரோ இனிக்கிறது, வெண்டியோ காய்க்கிறது. குழு கூடியது. பதிவு பிழையாக இருக்கமுடியாது, ஏனென்றால் படம் இருக்கிறது. படத்தில் பணிப்பாளர் கையில் உப்பு இருக்கிறது, கீழே கிணறும் இருக்கிறது. உப்பு பிழையாக இருக்கமுடியாது. விஞ்ஞானம் பிழைக்காது. ஆகவே பிழைத்தது வவுணதீவுதான் என்று முடிவாயிற்று.

அறிக்கையை றுமானாதான் கொண்டுவந்தாள். பலகையையும் தகரத்தையும் வலையையும் கழற்றிப்போக ஆட்களோடு வந்தவள், கிணற்றுக் கட்டின்மேல் குந்தியிருந்து வாசித்துக் காட்டினாள்.

"'மூன்று பிரதேசங்களிலும் மூன்று இனங்களும் முற்றிலும் சமமான விளைச்சலைத் தந்துள்ளன. அந்த விளைச்சல் பூச்சியமாகும். ஒப்பீட்டு வரலாற்றில் இத்தகைய பூரண சமநிலை எட்டப்படுவது இதுவே முதல் தடவை. வாவிப் பிரதேசத்தில் வெண்டி விளைவதில்லை. அங்கு காணப்படும் காய்கள் அவதானிப்புப் பிழை.'"

"அப்பிடியெண்டா என்ன புள்ள?"

"காய் இல்லியாம் அக்கா. இரிக்கிற மாதிரித் தெரியிறது நம்மட கண்ணுட பிழையாம்."

கண்ணகை தோட்டத்தைப் பார்த்தாள். "அப்ப இனி ஆரும் இஞ்ச வரமாட்டாங்களா?"

"வெண்டி இல்லாத ஊருக்கு என்னத்துக்கு வாற?"

"கிணறு?"

"கிணத்தப் பத்தி ஒரு சொல்லும் இல்ல."

கண்ணகை பெருமூச்சு விட்டாள். சந்தோசத்தில் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஆட்களில் ஒருவன் கம்பி வேலியில் கை வைத்தான். றுமானா அவனைத் தடுத்தாள். "அத விடுங்க. இல்லாத தோட்டத்துக்கு வேலி இரிக்கேலா. இல்லாத வேலியக் கழட்டவும் ஏலா." நிலையத்தில் இருந்து அவளும் கொஞ்சம் படித்திருந்தாள்.

ஆனி மாதம் ஒரு பின்னேரம் கடப்படியில் ஜீப் நின்றது. பணிப்பாளர் தனியாக இறங்கினார், குடை இல்லை. பூரண சமநிலை கண்டதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, தலைநகருக்குப் போகிறார். அடுத்த பரிசோதனை கத்தரி.

"அம்மா, போக முதல் ஒரு ரெண்டு கிலோ வெண்டிக்காய் தருவீங்களா? அந்தச் சுணை உள்ள இனம். வீட்டில அதுதான் வேணுமாம். கடைக் காய் வாயில வைக்கேலாது."

கண்ணகை கையில் கடகத்தோடு தோட்டத்துக்குள்தான் நின்றாள். சுணையன் அவள் இடுப்பளவு நின்று காய்த்திருந்தான். பேசாமல் கொடுத்து அனுப்பலாம். ஆனால் இந்த மனிதர் அந்தக் காயை எங்கே கொண்டுபோய், யாரிடம், எந்த ஊர்க் காய் என்று சொல்லுவார்? வெண்டி இங்கே விளைகிறது என்று மறுபடி ஒரு தாளில் ஏறினால், அடுத்தது கிணறுதான்.

"இல்லியே ஐயா" என்றாள்.

"என்னம்மா இல்லை? இந்தா, உங்கட கைக்குக் கிட்ட நிக்குதே!"

"இஞ்ச வெண்டி விளையிறல்ல எண்டு நீங்கதானே ஐயா எழுதின?"

"அது அறிக்கை அம்மா." பணிப்பாளர் சிரித்தார். "இது கறி."

கண்ணகை சிரிக்கவில்லை. செடியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"இது அவதானிப்புப் பிழை ஐயா."

பணிப்பாளர் காயை ஒருமுறை பார்த்தார். பிறகு யோசித்தார். ஆம் என்றால் காய் இல்லை, இல்லை என்றால் பதவி இல்லை. ஒரு விஞ்ஞானிக்கு உரிய நேர்மையோடு அவர் தலையை ஆட்டினார்.

"மெய்தான்" என்றார், மிகுந்த கவலையோடு.

ஜீப் திரும்பி வலையிறவுப் பக்கம் போய் மறையும்வரை கண்ணகை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து காய் ஆயத் தொடங்கினாள். அன்றைக்கு அவதானிப்புப் பிழை இரண்டு கடகம் நிறைய இறங்கியது.